பெயின்ட் அடித்த துணியைத் தைத்தால் அது க்வில்ட்டா, கெட்டுப்போன ஓவியமா?

03.02.2024 – ஒரு வாசகரின் கேள்வி

துணியில் அக்ரிலிக் பெயின்ட்டால் படம் வரைந்து, அடியில் பஞ்சு வைத்து, அதன்மேல் மிஷினை ஓட்டிவிட்டு ‘ஆர்ட் க்வில்ட்’ என்கிறார்கள். வரையத் தெரிந்தவர் எதற்குத் தைக்க வேண்டும்? தைக்கத் தெரிந்தவர் துணியை வெட்டிச் சேர்க்கலாமே? இரண்டையும் கலந்தால் ஓவியமும் கெடுகிறது, போர்வையும் தேறுவதில்லை. இது என் கருத்து. செய்து பார்த்தவர் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

03.02.2024, இரவு

இப்போது ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், அதனால் வாய் திறக்கிறேன். 4க்கு 3 அடி. தூத்துக்குடி உப்பளம். பாத்தி பாத்தியாக, வரப்பு வரப்பாக, மேலிருந்து பார்ப்பதுபோல.

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இந்த வகையில் கண்ணில் படும் பலவற்றில் ஓவியம் முழுசாக முடிந்துவிட்டிருக்கிறது. கோடு, நிழல், வெளிச்சம் எல்லாவற்றையும் தூரிகையே போட்டாயிற்று. அப்புறம் அதே கோட்டின்மேல் கறுப்பு நூலை ஓட்டுகிறார்கள். நூலுக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லாதபோது அது உறுத்தத்தான் செய்யும்.

மறுபாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். அடியில் பஞ்சு இருந்தால் தைத்த இடம் இறங்கும், தைக்காத இடம் எழும்பும். இறங்கிய இடத்தில் நிழல் விழும். அது நிஜ நிழல். அதைப் பெயின்ட்டால் போட வேண்டியதே இல்லை. ஆகவே பெயின்ட்டைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவருக்கு இந்த வேலை பலிக்கும். நிறுத்தத் தெரியாதவருக்கு நீங்கள் சொன்ன கதிதான்.

04.02.2024

‘போர்வையும் தேறுவதில்லை’ என்றீர்களே, போர்வையாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இது சுவரில் மாட்டுவதற்கு. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு. மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையல். க்வில்ட் என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம். மேல்துணியில் என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் பாடு.

04.02.2024, சற்று நேரம் கழித்து

‘இதெல்லாம் அமெரிக்கக்காரர்கள் கிளப்பிவிட்டது’ என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். க்வில்ட்டைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியதைச் சொல்கிறார் என்றால் சரிதான். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்கள்போல மாட்டிக் காட்டியது. 1979இல் ஒஹையோ மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரில், ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டகையில், ‘க்வில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியது. 1989இல் ஆர்ட் க்வில்ட் செய்பவர்களுக்கென்று ஒரு சங்கமே வந்துவிட்டது.

பெயின்ட்டையும் க்வில்ட்டையும் சேர்த்தவர் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருபவர் ஃபெய்த் ரிங்கோல்ட். ஓவியர்; நியூயார்க் ஹார்லெமில் பிறந்தவர். அம்மா ஆடை வடிவமைப்பாளர். 1980இல் தாயும் மகளும் சேர்ந்து ஒரு க்வில்ட் செய்தார்கள். பிறகு கான்வாஸ் துணியில் அக்ரிலிக்கால் கதை வரைந்து, சுற்றிலும் துணித்துண்டுகளால் கரை கட்டி, மொத்தமாகத் தைத்தார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: ஓவியத்துக்குத் துணிக்கரை கட்டும் யோசனை அவருக்குப் போர்வையிலிருந்து வரவில்லை. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் பார்த்த, துணிக்கரை கட்டிய திபெத்தியத் தங்கா ஓவியங்களிலிருந்து வந்தது. ஆக, அமெரிக்கா என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது.

நம் பக்கத்தில் பஞ்சு வைத்துச் சுவரில் மாட்டும் வழக்கம் இல்லை. ஆனால் துணியில் எழுதுவதும், துணியின்மேல் துணியை வெட்டித் தைப்பதும் தஞ்சாவூர் வட்டாரத்தில் அக்கம்பக்கத்துத் தொழில்கள். கோயில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பை எழுதியதாகவும் இருக்கும், வெட்டித் தைத்ததாகவும் இருக்கும். அங்கே துணியில் சாயத்தால் எழுதும் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்த்துணியைப் பார்த்து யாரும் ‘இது ஓவியமா தையலா’ என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

11.02.2024

என்ன துணி என்று கேட்டவருக்கு: காடா. மில்லிலிருந்து வெளுக்காமல் வரும் கோராத் துணி. மீட்டருக்குக் கொடுக்கும் காசு குறைவு, நெசவு நெருக்கம், நிறம் ஏற்கெனவே லேசான மண் நிறம். உப்பளத்துக்கு அது இலவசமாகக் கிடைத்த முதல் பூச்சு.

ஆனால் கஞ்சி இருக்கும். நெசவின்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி போகாவிட்டால் பெயின்ட் மேலேயே மிதக்கும். சலவை சோடாவும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு அண்டாவில் கொதிக்கவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். கஞ்சி போனதா என்று பார்க்க, காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மறுபடி அண்டா. விட்ட உடனே குடித்துவிட்டால் போதும்.

இன்னொரு லாபம், சுருங்க வேண்டியதெல்லாம் இப்போதே சுருங்கிவிடும். துணியை நாலு பக்கமும் கை அகலம் கூடுதலாக வைத்து வெட்டுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

11.02.2024

அண்டாவைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: சோடா என்றால் கழுவிவிட்டு எடுக்கலாம். சாயம் காய்ச்சினால் அந்த அண்டா உங்களுடையது, சமையலறையுடையது இல்லை. எங்கள் வீட்டில் இதற்குத் தனிப் பஞ்சாயத்தே நடந்திருக்கிறது.

18.02.2024

பெயின்ட். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பிரச்சினை முழுக்க இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாயம் வேறு, பெயின்ட் வேறு. சாயம் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துணி துணியாகவே இருக்கும், ஊசிக்கு வித்தியாசம் தெரியாது. அக்ரிலிக் அப்படியில்லை. அது பிளாஸ்டிக். காய்ந்தால் துணியின்மேல் மெல்லிய ஏடு படியும். கனமாகப் பூசினால் ரெக்சின்போல ஆகிவிடும். அந்த ஏட்டில் ஊசி குத்தினால் விழும் ஓட்டை ஓட்டைதான். நெசவுத் துணிபோலத் திரும்ப மூடிக்கொள்ளாது. தையலைப் பிரித்தால் அம்மைத் தழும்பாக வரிசை வரிசையாகத் தெரியும்.

அதனால் ஃபேப்ரிக் மீடியம் என்ற திரவத்தைக் கலக்க வேண்டும். நான் பெயின்ட்டுக்குச் சரிபாதி மீடியம் வைப்பேன், அதற்குமேல் தண்ணீர். அது காய்ந்த பிறகும் ஏட்டை வளையவிடும். கடையில் துணிக்கென்றே விற்கும் சின்ன டப்பாக்களில் இதெல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். கெஸ்ஸோ, அதாவது கான்வாஸுக்குப் போடும் வெள்ளை அடிப்பூச்சு, பூசாதீர்கள். கான்வாஸில் வரைந்து பழகியவர்கள் கை அரிப்பில் முதலில் கெஸ்ஸோவைத்தான் தேடுவார்கள்.

நான் பூசியது மூன்று மெல்லிய பூச்சுகள், அவ்வளவுதான். ஈரத்துணியில் சாம்பல் நீலம். அது காய்ந்ததும் பாத்திகளுக்கு வேறு வேறு கனத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும். கடைசியில் வரப்புகளுக்கு மண் நிறம். வரப்பின் ஓரக்கோட்டைப் போடவே இல்லை. உப்பு அம்பாரம் இருக்கும் இடங்களில் பெயின்ட்டே கிடையாது, வெறும் துணி.

இந்தக் கட்டத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் ‘இன்னும் முடியலையா’ என்றார்கள். அந்தக் கேள்வி வந்தால் நிறுத்திவிடலாம் என்று அர்த்தம்.

19.02.2024

உப்பளத்துக்கு உப்பையே போடலாமே என்று ஒருவர் கிண்டலாக எழுதியிருக்கிறார். போட்டேன். ஈரமாக இருக்கும்போதே கல்லுப்பைத் தூவினால் ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நிறத்தை இழுக்கும். காய்ந்ததும் நட்சத்திரம் நட்சத்திரமாக நிற்கும். பட்டுத்துணியில் வரைபவர்களுக்கு இது பழைய வித்தை. பருத்தியில் அந்த அளவு பளிச்சென்று வராது. பெயின்ட் தண்ணீர்போல நீர்த்திருக்க வேண்டும், துணி நனைந்திருக்க வேண்டும். கெட்டி பெயின்ட்டில் ஒரு மூட்டை கொட்டினாலும் ஒன்றும் நடக்காது.

19.02.2024, இரவு

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்கவும்: காய்ந்த பிறகு உப்பை உதறினால் மட்டும் போதாது. இஸ்திரி போட்டு நிறத்தை நிலைக்கவைத்துவிட்டு, நன்றாக அலசிவிடுங்கள். துணிக்குள் உப்பு தங்கினால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்க் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். அதன் வழியே ஊசி போனால் ஊசி துருப்பிடிக்கும், அப்புறம் பாபின் கேஸ், அப்புறம் மிஷினே.

03.03.2024

‘உப்பளம் வெள்ளைதானே, இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது, அழகுக்காகச் சேர்த்ததா?’

இல்லை. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். முதலில் ஜிப்சம் பிரிந்து அடியில் தங்கும். ஏறக்குறைய 25 டிகிரி போமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அலகு) வந்ததும் உப்பு பூக்க ஆரம்பிக்கும். அந்த அடர்த்தியில் மற்ற உயிர்கள் பிழைப்பது கஷ்டம். தாக்குப்பிடிக்கும் சில நுண்பாசிகளும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் சிவப்பு நிறமி உள்ளவை. அதனால்தான் கடைசிப் பாத்திகள் ரோஜா நிறம் காட்டும். காலையில் ஒரு நிறம், உச்சிவெயிலில் கண் கூசி ஒன்றுமே தெரியாது.

மண் நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். படத்தின் கீழ்ப்பகுதியில் வரப்பையே அழித்துக்கொண்டு ஒரு பழுப்புப் பட்டை ஓடும். அது 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டிய மழை. வெள்ளம் வடிந்த பிறகு பாத்திகளில் சேறு படிந்து கிடந்தது. சேமித்து வைத்திருந்த உப்பும் கரைந்துபோனது. உப்பளம் என்று படம் போட்டுவிட்டு இந்த வருஷம் அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

16.03.2024

பிளாஸ்டிக் சாக்கு. உப்பு கட்டி அனுப்பும் வெள்ளைச் சாக்கை வெட்டி வரப்பில் சில இடங்களில் வைத்திருக்கிறேன். அம்பாரத்தை மூடும் தார்ப்பாயின் நீலத்துண்டு ஒன்று. தேங்கிய தண்ணீருக்கு மெல்லிய நெட் துணி, அதுவும் ஒரே அடுக்கு.

இங்கேதான் வேலையின் வரிசை முக்கியம். பெயின்ட் நிலைக்க இஸ்திரி வேண்டும். பருத்திக்கு வைக்கும் சூடு 200 டிகிரியை ஒட்டி இருக்கும். சாக்கு பாலிபுரொப்பிலீன், 160 டிகிரியிலேயே உருகும். ஆகவே பெயின்ட், காய்தல், பின்பக்கத்திலிருந்து இஸ்திரி, எல்லாம் முடிந்த பிறகுதான் சாக்கு. அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி அந்தப் பக்கமே வரக்கூடாது. சாக்கின் வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே போகும் என்று பயந்தால், ஊதுபத்தி நுனியை ஓரத்தில் லேசாகக் காட்டுங்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை ஆகாது.

உருக்காமல் விடுவதும் ஒரு வழிதான். எனக்கு ஒரு பக்கம் இழை பிரிந்து தொங்குவதே பிடித்திருக்கிறது.

17.03.2024

புகைப்படத்தைத் துணியில் மாற்றுவது பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: லேசர் பிரின்ட், இல்லையென்றால் ஜெராக்ஸ். இங்க்ஜெட் பிரின்ட் ஈரத்தில் கரைந்துவிடும். படத்தை இடவலம் மாற்றி எடுத்து, அக்ரிலிக் ஜெல் தடவிய துணியில் முகம் கீழாக ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் காகிதத்தை ஈரவிரலால் தேய்த்துத் தேய்த்து உரிக்க வேண்டும். கடைசி வெள்ளைப் படலம் போகவே போகாது. அதைத் தோற்றமாக ஏற்றுக்கொள்ள முடியுமென்றால் மட்டும் இறங்குங்கள். நான் இந்தப் படத்தில் செய்யவில்லை. ஏற்கெனவே பெயின்ட், சாக்கு, நெட். நாலாவதாக ஒன்று வந்தால் சந்தைக்கடை.

30.03.2024

நடு அடுக்கு. கடைகளில் வாடிங் என்று கேட்டால் பாலியெஸ்டர் ஷீட் தருவார்கள். உப்பலாக இருக்கும், சுவரில் மாட்ட எடை குறைவு. பருத்தி வாடிங் தட்டையாக உட்காரும், பழைய போர்வைச் சாயல் தரும். எனக்கு அம்பாரம் எழும்ப வேண்டும், பாத்தி தட்டையாக இருக்க வேண்டும். அதனால் எல்லா இடத்துக்கும் மெல்லிய ஷீட் ஒன்று, அம்பாரங்களுக்கு அடியில் மட்டும் கூடுதலாக இன்னொன்று. கூடுதல் துண்டை மேல்துணியின் பின்னால் வைத்து, அம்பாரத்தின் உருவத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் தைத்து, மிஞ்சிய பஞ்சைத் தையலை ஒட்டிக் கத்தரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மூன்று அடுக்கையும் சேர்த்தேன்.

சேர்ப்பதற்கு ஊக்கு குத்தாதீர்கள். பெயின்ட்டில் விழுந்த ஊக்கு ஓட்டை நிரந்தரம். வரப்புகளில், அதாவது எப்படியும் தையல் விழப்போகும் இடங்களில், நீள நீளமாக இழையோட்டினேன்.

14.04.2024

புத்தாண்டு அன்று மிஷினைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லவில்லை, அதனால் தொட்டேன்.

நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இந்தத் தையல் புதுசே இல்லை. தையல் வகுப்பில் ‘மிஷின் எம்பிராய்டரி’ என்று கற்றுக்கொடுத்தார்களே, அதுதான் இது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைக் கழற்றி, கீழே துணியைத் தள்ளும் பற்களை இறக்கி, வளையத்தில் துணியை இறுக்கி, கையால் துணியை நகர்த்திப் பூவும் கொடியும் போடுவோம். வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கு ‘ஃப்ரீ மோஷன்’ என்று பெயர் வைத்து, கையுறையெல்லாம் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். நம்மிடம் கால் மிஷினில் அதே வேலை ஒரு தலைமுறைக்கு முன்பே ஜாக்கெட் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டே வித்தியாசம். க்வில்ட்டுக்கு வளையம் வேண்டாம், மூன்று அடுக்கும் சேர்ந்து விறைப்பாகவே இருக்கும். ஆனால் ஃபுட் இல்லாமல் தைக்க முடியாது. பஞ்சு தடிமனில் ஊசி மேலே வரும்போது துணியையும் தூக்கிக்கொண்டு வரும், தையல் விட்டுவிட்டு விழும். ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் ஒன்று கட்டாயம். விரலுக்கும் பாதுகாப்பு.

மிஷின் மெக்கானிக் அண்ணாச்சி ‘என்னக்கா, சாக்கையெல்லாம் வச்சுத் தைக்கீக’ என்று கேட்டுவிட்டு, பற்களை இறக்கும் திருகைக் காட்டிக்கொடுத்தார். என் மிஷினில் அது அடித்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. திருகு இல்லாத மாடலுக்குப் பற்களின்மேல் மூடும் தகடு உண்டு என்றார். 14ஆம் நம்பர் ஊசி போடச் சொன்னார், சாக்கு வரும் இடத்தில் 16.

15.04.2024

ஊசி பற்றி இன்னும் கொஞ்சம். மெல்லிய பூச்சில் ஊசி இறங்கும் சத்தமே கேட்காது. பூச்சு இரண்டு தடவை விழுந்த இடத்துக்கு வந்ததும் ‘டப் டப்’ என்று ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்தால் ஊசியில் பிசின்போல ஒட்டியிருக்கிறது என்று பொருள். நிறுத்தி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஊசியைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். பொடித்தையலாகப் போட்டால் ஓட்டைகள் நெருங்கி, பெயின்ட் ஏடு தபால்தலை ஓரமாகிக் கிழியும். பாபின் கேஸைத் திறந்தால் பஞ்சுத்தூளோடு பெயின்ட் துகளும் கிடக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒரு சொட்டு எண்ணெய்.

21.04.2024

ஜரிகை நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று புலம்பியவருக்கு: ஊசியில் கோக்காதீர்கள், பாபினில் சுற்றுங்கள். அப்புறம் துணியைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து தையுங்கள். ஜரிகை கீழே, அதாவது முன்பக்கத்தில், விழும். ஊசிக் கண்ணுக்குள் போய்ப்போய் வந்து உரசுவதால்தான் அது பிய்கிறது. பாபினிலிருந்து அப்படி உரசாமல் வரும்.

பின்பக்கத்திலிருந்து தைத்தால் கோடு எங்கே என்று எப்படித் தெரியும்? முன்னால் முதலில் சாதா நூலில் ஓரம் தைத்துவிடுங்கள். அது பின்னால் தெரியும். அதுதான் வரைபடம்.

ஜரிகை எனக்கு ஒரே இடத்தில்தான் தேவைப்பட்டது. பாத்தி ஓரத்தில் உப்பு பூக்க ஆரம்பிக்கும் மெல்லிய விளிம்பு. வெள்ளி ஜரிகை. சரிகைக் கரை போட்டதுபோல ஆகிவிடுமோ என்று பயந்து பாதியைப் பிரித்துவிட்டேன், ஓட்டைகள் நின்றன, அந்த ஓட்டைகளே பூத்த உப்பின் பொடிபோல இருக்கின்றன. ஆக, பிரிக்கக்கூடாது என்று பிப்ரவரியில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்: வெள்ளையில் பிரிக்கலாம்.

05.05.2024

நெருக்கம். இதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஒரு மூலையில் நெருக்கமாகவும் இன்னொரு மூலையில் தாராளமாகவும் தைத்தால் க்வில்ட் நேராகத் தொங்காது. நெருக்கமான இடம் சுருங்கும், தாராளமான இடம் புடைக்கும், ஓரம் அலையடிக்கும். வரைபவர்களுக்கு இது தெரிவதில்லை. கண்ணுக்கு எங்கே கோடு வேண்டுமோ அங்கே மட்டும் தைத்துவிட்டு, துணி ஏன் கோணுகிறது என்று முழிப்பார்கள். தையல் படம் மட்டுமில்லை, கட்டுமானமும் கூட.

என் படத்தில் அம்பாரம் உப்ப வேண்டும், ஆகவே அதன்மேல் தையல் இல்லை. அதற்கு ஈடுகொடுக்க மற்ற எல்லா இடத்திலும் நெருக்கத்தை ஏறக்குறைய ஒரே அளவாக வைத்தேன். பாத்திக்குள் கிடைக்கோடுகள், உப்பு வாரும் பலகை போன தடம்போல. வரப்பில் குறுக்கும் நெடுக்குமான கிறுக்கல். சேற்றுப்பட்டையில் வளைந்து வளைந்து ஓடும் தையல். உருவம் வேறு, நெருக்கம் ஒன்று.

இப்போது, கை அகலம் கூடுதலாக வைத்து வெட்டச் சொன்னேனே, அதற்கு விடை: தைக்கத் தைக்க மொத்தத் துணியும் சுருங்கும். பஞ்சுக்குள் இறங்கி ஏறுவதற்கு நீளம் எங்கிருந்து வரும்? ஓரத்திலிருந்துதான். தையல் எல்லாம் முடிந்த பிறகே மூலைமட்டம் வைத்து நாலு பக்கத்தையும் வெட்டினேன்.

06.05.2024

கலம்காரி முறையிலேயே செய்திருக்கலாமே, அக்ரிலிக் எதற்கு என்ற கேள்விக்கு இத்தனை நாளாகப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். நியாயமான கேள்வி. கடுக்காயும் எருமைப்பாலும் தோய்த்த துணி, இரும்புத் துண்டை வெல்லத்தோடு புளிக்கவைத்த கறுப்பு, படிகாரம் பிடித்துவைக்கும் சிவப்பு. பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. எல்லாமே துணிக்குள் இறங்கியவை, ஊசிக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. தைப்பவர் கண்ணால் பார்த்தால் அதுதான் உயர்ந்த வழி.

ஆனால் எனக்கு வேண்டியது வெள்ளைக்குள் வெள்ளை. ஒளி ஊடுருவாத வெள்ளையைச் சாயத்தால் பூச முடியாது. சாயத்தில் வெள்ளை என்பது சாயம் படாத துணிதான். அதோடு அந்த இரும்புக் கறுப்பு காலப்போக்கில் நூலை அரிக்கும். பழைய துணிகளில் மற்ற நிறம் நிற்க, கறுப்புக்கோடு மட்டும் இற்று உதிர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் நூற்றுக்கணக்கில் ஊசி குத்த எனக்குத் துணிச்சல் இல்லை.

இருந்தாலும் அடுத்ததில் கோடுகளைத் தையலுக்கு விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் சாயத்தில் செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காடாவும் கடுக்காயும் வீட்டில் இருக்கின்றன. எருமைப்பாலுக்குத்தான் அலைய வேண்டும்.

19.05.2024

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ‘பெயின்ட்டைப் பாதியில் நிறுத்தலாம் என்கிறீர்கள். அப்படியானால் பெயின்ட்டே இல்லாமல் நூலால் மட்டும் செய்திருக்கலாமே?’

செய்யலாம். 3 அடி பாத்தியில் நிறம் மெல்ல மெல்ல மாறுவதை நூலால் மட்டும் நிரப்பினால் துணி பலகையாகிவிடும், அம்பாரம் எழும்பாது. துண்டுத்துணி ஒட்டினால் நிறம் படிப்படியாக மாறும், வழிந்து மாறாது. ஈரத்தில் நிறம் நிறத்துக்குள் போவதைப் பெயின்ட்தான் தரும். நிழலைத் தையல்தான் தரும். ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நீங்கள் முதலில் சொன்ன குறைதான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் பார்த்தவை புகைப்படங்கள்தானே? நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தையல் காணாமல் போய், பெயின்ட் மட்டும் நிற்கும். என் வீட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே இந்தக் க்வில்ட் வெளிறிய படம், அவ்வளவுதான். பக்கத்து ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு பலகைத் தடத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். பெயின்ட்டே இல்லாத அம்பாரம்தான் அப்போது படத்திலேயே அதிக வெள்ளை. மாட்டும்போது விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். எதிரில் வைத்தால் பாதி வேலை வீண்.

20.05.2024

‘அப்படியானால் வெளிச்சத்தையும் சேர்த்தே விற்பீர்களா?’ என்கிறார். விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

02.06.2024

ஓரம். பைப்பிங் மாதிரி கரை கட்டினால் போர்வை ஞாபகம் வரும், படம் சட்டத்துக்குள் அடைபட்டுவிடும். அதனால் உள்ளே மடிப்பு கொடுத்தேன். நாலு பக்கமும் பட்டித்துணி வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பி, கையால் எம்மிங். முன்னாலிருந்து பார்த்தால் ஓரமே தெரியாது, பாத்திகள் வெளியே தொடர்ந்து போவதுபோல இருக்கும்.

மேலே பின்பக்கத்தில் 4 அங்குல அகலத்துக்குத் துணிக்குழல். அதில் மரப்பட்டியை நுழைத்து ஆணியில் வைக்கலாம். குழலை இறுக்கமாகத் தைத்தால் பட்டியின் தடிமன் முன்னால் புடைத்துக்கொண்டு தெரியும். சுவர்ப்பக்கம் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

09.06.2024

இரண்டு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: எப்படிப் பத்திரப்படுத்துவது, எப்படி ஊருக்கு அனுப்புவது.

மடிக்கவே கூடாது. மடித்த கோடு பெயின்ட்டில் நிற்கும். பெயின்ட் பக்கம் வெளியே இருக்கும்படி, தடித்த அட்டைக் குழாயில் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் ஏடு நெருங்கிச் சுருக்கம் விழும். நம் வெயிலில் அக்ரிலிக் இளகும். பெயின்ட் பக்கமும் பெயின்ட் பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது ஒன்றின் நிறம் இன்னொன்றோடு வந்துவிடும். ஆகவே சுருட்டும்போது நடுவில் கேக் சுட வைக்கும் சிலிக்கோன் பூசிய காகிதம். நியூஸ்பேப்பர் வேண்டவே வேண்டாம். எழுத்து இடவலமாக ஒட்டிக்கொண்டு வரும். பாலித்தீன் உறைக்குள் அடைத்து மூட்டையும் கட்டாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்திச் சேலை சுற்றினால் போதும்.

10.06.2024

வாஷிங் மெஷினில் போடலாமா என்று கேட்டவரே, சாக்கும் தார்ப்பாயும் வைத்துத் தைத்தது. தூசி தட்டுங்கள்.